மழைக் கேசட்டும் மாயாண்டி அண்ணனும்

போன மாதம் எங்கள் பழைய கம்பெனி பஸ்ஸில் உசிலம்பட்டிக்குப் போனேன். கண்டக்டர் தம்பி பிரபு எனக்கு டிக்கெட் கிழிக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டுப் பக்கத்திலேயே வந்து உட்கார்ந்தான். டிரைவர் தலைக்கு மேலே டிவி ஓடிக்கொண்டிருந்தது. அதில் ஆட்கள் பாட்டுக்குப் பாட்டு குதித்துக்கொண்டே இருந்தார்கள்.

"அண்ணே, ஒங்க காலத்துல என்னமோ இங்கிலீசு பாட்டு போட்டு வண்டி ஓட்டுனீங்களாமே. நெசமாண்ணே?" என்று கேட்டான்.

ஓய்வு பெற்று விளாங்குடியில் கொடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருக்கும் மனிதனிடம் இப்படி ஒரு கேள்வியைக் கேட்கக் கூடாது. கேட்டுவிட்டான். நாகமலைப் புதுக்கோட்டையில் பேச ஆரம்பித்தேன். உசிலம்பட்டி வந்தும் முடியவில்லை. அதனால்தான் மீதியை எழுதுகிறேன்.

அந்தப் பாட்டை வாயால் முனகினால் செல்போனே யார் பாடியது என்று கண்டுபிடித்துவிடும் என்றான். முனகினேன். ஒன்றும் கிடைக்கவில்லை என்றது. இன்னொரு தடவை முனகினேன், ஏதோ ஒரு தாலாட்டைக் காட்டியது. பிறகுதான் நினைவு வந்து, முதலில் வாயால் சரசரவென்று ஒரு இரைச்சலைக் கொடுத்துவிட்டு அதன்மேல் முனகினேன். உடனே பிடித்துக்கொண்டது. நாலு பேர் சேர்ந்த கோஷ்டியாம். தொண்ணூறுகளில் பேர் போனவர்களாம். இந்த வகைப் பாட்டுக்கு டிரிப்-ஹாப் என்று பெயராம். டிரிப் என்றால் என்ன என்று எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை, வேலைக்காலம் முழுக்க அடித்தது அதுதான். கோஷ்டியின் பெயரையும் வாசித்துக் காட்டினான். அது எனக்கு ஒட்டவில்லை. எங்களுக்கு அது மழைக் கேசட், அவ்வளவுதான்.

நான் கண்டக்டரானதில் வீரக்கதை ஏதும் கிடையாது. பத்தாம் வகுப்பில் கணக்கில் தேறினேன், மற்றதில் தேறவில்லை. விரல் இடுக்கில் நோட்டுகளை மடித்துச் செருகவும், ஒரு காலைப் படியிலும் ஒரு காலைக் காற்றிலும் வைத்து நிற்கவும், ஒரு விசிலுக்கு நிற்கவும் இரண்டு விசிலுக்குப் போகவும் பழகினேன். அதற்குப் பிறகு தொழிலில் புதிதாக நான் கற்றது பாட்டு போடுவது மட்டும்தான்.

இதைச் சொன்னால் இந்தக் காலத்துப் பிள்ளைகள் சிரிக்கிறார்கள். ஆனால் அப்போது ஆரப்பாளையத்திலிருந்து உசிலம்பட்டிக்கு ஒன்றன் பின் ஒன்றாகத் தனியார் பஸ்கள் வரிசை கட்டி நிற்கும். சனங்கள் பஸ்ஸின் பெயரைப் பார்த்து ஏறுவதில்லை, பாட்டைக் கேட்டுத்தான் ஏறுவார்கள். முதல் டிரிப்பில் பக்திப் பாட்டு: பிள்ளையாருக்கு ஒன்று, மாதாவுக்கு ஒன்று, நாகூராருக்கு ஒன்று. யார் மனமும் கோணக் கூடாது. பல்கலைக்கழகப் பிள்ளைகள் ஏறும் நேரத்தில் புதுப்படப் பாட்டு. மதியம் சோகப் பாட்டு, சாப்பிட்டுவிட்டு ஏறுகிறவர்கள் தூங்க வசதியாக. சாயங்காலம் மார்க்கெட் கூட்டத்துக்குக் குத்துப்பாட்டு. இந்த வரிசை பிசகினால் பின் சீட்டிலிருந்து சத்தம் வரும். மதியம் குத்துப்பாட்டு போட்டதற்காக என் சட்டைக் காலரைப் பிடித்தவர்கள் உண்டு.

எங்கள் வண்டிக்கு டிரைவர் மாயாண்டி அண்ணன். அந்த ரோட்டில் அவரைப் போல் ஸ்டியரிங் பிடிக்க ஆள் கிடையாது. அவரைப் போல் கோபப்படவும் ஆள் கிடையாது. அவருடைய மச்சினன் தவசி எங்களுக்கு முன்னால் போகிற இன்னொரு கம்பெனி வண்டியில் டிரைவர். சம்சாரத்தின் தம்பி என்பதால் வீட்டில் மாயாண்டி அண்ணன் வாயைத் திறக்க முடியாது. அதற்கெல்லாம் சேர்த்து ரோட்டில் பதில் சொல்வார். தவசியை விரட்டிப் போனதில் செக்கானூரணி டீக்கடையின் கூரைத்தட்டியைப் பெயர்த்துக்கொண்டு பக்கத்து ஊர் வரை போயிருக்கிறார். இன்னொரு நாள் விரட்டின ஆவேசத்தில் என் விசில் அவர் காதிலேயே விழவில்லை. கருமாத்தூரில் இறங்க வேண்டிய கல்யாணக் கோஷ்டியை உசிலம்பட்டியில் கொண்டுபோய் இறக்கினார். மாப்பிள்ளையும் அதற்குள்தான் இருந்தார்.

இதெல்லாம் முதலாளி காதுக்குப் போனது. முதலாளியைப் பற்றி இங்கே கொஞ்சம் சொல்ல வேண்டும். அவர் குரலை உயர்த்தி நான் கேட்டதே இல்லை. டீசல் திருடினவனைக்கூட "ஏம்ப்பா இப்பிடிப் பண்ணுன" என்று, ஏதோ அவரே திருடிவிட்ட மாதிரி வருத்தமாகத்தான் கேட்பார். ஒருவனை வேலையிலிருந்து நிறுத்துவதென்று முடிவு செய்துவிட்டால், அவனிடம் "சாப்ட்டியாப்பா?" என்பார். அவன் என்ன பதில் சொன்னாலும் கையைப் பிடித்துப் பரோட்டாக் கடைக்குக் கூட்டிப்போவார். எதிரில் உட்கார வைத்து, அவரே வாளியை வாங்கிச் சால்னா ஊற்றி, அவன் வயிறு நிறையும் வரை வேறு பேச்சே பேச மாட்டார். அவன் கை கழுவிவிட்டு வந்ததும், "நாளையிலருந்து வர வேணாம்ப்பா" என்பார். வெறும் வயிற்றோடு யாரையும் வெளியே அனுப்பக் கூடாது என்பது அவருடைய அப்பா வைத்துவிட்டுப் போன வழக்கம். அதனால் எங்கள் கம்பெனியில் ஒருவன் வேலை போய்விட்டது என்று யாரும் சொல்வதில்லை. "அவன் சாப்ட்டாம்ப்பா" என்போம்.

கல்யாணக் கோஷ்டி சமாச்சாரத்துக்குப் பிறகு முதலாளி சொல்லி அனுப்பினார்: "இன்னொரு தடவ மாயாண்டியப் பத்தி ஏதாச்சும் காதுல விழுந்துச்சுன்னா, நானே சாப்புடக் கூட்டிட்டுப் போறேன்னு சொல்லு."

அண்ணனுக்கு முகம் செத்துவிட்டது. அந்த ரோட்டில் ஓடிய மற்ற கம்பெனிகள் எல்லாவற்றிலும் வேலை பார்த்து, சண்டை போட்டு, வெளியே வந்தவர் அவர். இதுதான் கடைசி வீடு. வண்டி ஓட்டுவதைத் தவிர வேறு தொழில் தெரியாது. வீட்டில் இரண்டு பெண் பிள்ளைகள் படித்துக்கொண்டிருந்தார்கள். "கோவம் வந்தாத்தான்டா எனக்குத் தெரியுது, வர்றதுக்கு முந்தித் தெரிய மாட்டேங்குது. நான் என்ன செய்ய?" என்று என்னிடம் கேட்டார். எனக்கு என்ன தெரியும்? எலுமிச்சம்பழம் வாங்கிக் கட்டினேன்.

அந்தச் சமயத்தில்தான் கீழக்குயில்குடி சமணர் மலையைப் பார்க்க ஒரு வெள்ளைக்கார ஜோடி எங்கள் வண்டியில் வந்து, நாகமலைப் புதுக்கோட்டையில் இறங்கினார்கள். அவர்கள் சீட்டுக்கு அடியில் ஒரு கேசட் கிடந்தது. மேலே அட்டை இல்லை, பேனாவில் எழுதியிருந்ததும் அழிந்திருந்தது. யாராவது தேடி வருவார்கள் என்று டிரைவர் முன்னால் பிள்ளையார் பக்கத்தில் வைத்திருந்தேன். யாரும் வரவில்லை. பிறகு ஒரு நாள் கத்திரி வெயிலில், எங்கள் குத்துப்பாட்டுக் கேசட்டின் நாடாவை டெக் இழுத்துத் தின்றுவிட்டது. பாட்டு இல்லாமல் வண்டியை எடுக்க முடியாது. கையில் கிடைத்த இதைப் போட்டேன்.

முதலில் சரசரவென்று ஓர் இரைச்சல். அப்புறம் மேளம், வேலைக்குப் போக மனசில்லாதவன் நடை மாதிரி, ஒவ்வொரு அடியாக. அதன்மேல் ஒரு பெண் குரல், யாரிடமோ ரகசியம் சொல்வதுபோல வந்தது.

மாட்டுத்தாவணிப் பூக்காரி முத்தம்மா அக்கா கூடையோடு முன் சீட்டில் இருந்தது. "ஏப்பா சேகரு, யாரு வீட்டு எழவுப்பா இது?" என்று கேட்டது. கருமாத்தூர் முட்டை வியாபாரி, "பாட்டரி எறங்கிருச்சா?" என்றார். நான் கேசட்டை எடுக்கக் கை நீட்டினேன். அப்போது தவசியின் வண்டி எங்களை உரசிக்கொண்டு முந்தியது. தவசி ஜன்னல் வழியாகக் கையை வேறு ஆட்டினான். நான் கம்பியை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

ஒன்றும் நடக்கவில்லை. மாயாண்டி அண்ணன் ரோட்டைப் பார்த்தபடி, "போறான் விடு" என்றார்.

என் காதையே நான் நம்பவில்லை. குனிந்து அவர் காலைப் பார்த்தேன். அந்த மேளத்துக்குத்தான் ஆக்ஸிலேட்டரை மிதித்துக்கொண்டிருந்தார். கியர் மாற்றியதும் அந்த அடிக்குத்தான். மறுநாள் சோதித்துப் பார்க்கக் குத்துப்பாட்டு போட்டேன். காளவாசல் தாண்டுவதற்குள் இரண்டு பேரைத் திட்டிவிட்டார், அதில் ஒருவர் டிராபிக் போலீஸ். மழைக் கேசட்டைப் போட்டேன். அடங்கினார். அவருக்கு இது தெரியாது. தூக்கத்தில் நடக்கிறவனை எழுப்பக் கூடாது என்பார்கள் இல்லையா, நானும் சொல்லவில்லை.

இரைச்சல் மட்டும் எனக்கு உறுத்தலாக இருந்தது. ஸ்பீக்கர் கோளாறு என்று நினைத்து வண்டியைக் கோரிப்பாளையத்துக்குக் கொண்டுபோனோம். எங்கள் எல்லா வண்டிக்கும் ஆம்ப்ளிபையர் பூட்டுகிற சலீம் பாய் ஸ்பீக்கரை மாற்றினார், வயரை மாற்றினார், டெக்கின் ஹெட்டைத் துடைத்தார். இரைச்சல் போகவில்லை. கடைசியில் கண்ணை மூடிக்கொண்டு முழுப் பாட்டையும் கேட்டார்.

"சேகர் பாய், இது நம்ம மெசின் கோளாறு இல்ல. கீறல் விழுந்த ரெக்கார்ட வேணும்னே உள்ள வச்சிருக்கானுங்க. நம்மகிட்ட கீறல் விழுந்தா தூக்கிப் போடுவோம், அவிங்க அதக் கச்சேரில சேத்துக்கிட்டானுங்க" என்றார்.

இருந்தாலும் தொழிலில் சுத்தமான மனிதர். தேய்ந்து போனால் உதவும் என்று கேசட்டைப் பிரதி எடுத்தவர், எங்களுக்கு நல்லது செய்வதாக நினைத்து இரைச்சலை வடிகட்டிக் கொடுத்தார். அதைப் போட்டதும் மாயாண்டி அண்ணன் முகம் சுளித்தார். "மழை எங்கடா?" என்றார். அன்றுதான் எனக்குத் தெரிந்தது, இத்தனை நாளும் அவர் காதில் அது மழையாக விழுந்திருக்கிறது என்று. அந்தச் சித்திரை வெயிலில், தகரம் கொதிக்கும் எஞ்சின் பக்கத்தில், அவருக்கு மட்டும் மழை பெய்திருக்கிறது. பாயிடம் திரும்பப் போய், கீறலோடு ஒரு பிரதி வாங்கிவந்தேன்.

ஒரு நாள் சாயங்காலம் உசிலம்பட்டியில் வண்டியை நிறுத்திவிட்டு அண்ணன் இறங்காமல் உட்கார்ந்திருந்தார். பாட்டு முடியட்டும் என்று காத்திருக்கிறார். பிறகு சொன்னார்: "இந்தப் புள்ள யாரு கூடயோ பெரிய சண்டை போட்டுட்டு வந்து பாடுது மாப்ள. அம்புட்டுக் கோவம் இருக்கு உள்ள. ஆனா கத்தல பாரு. கோவத்த இப்பிடியும் வச்சுக்கிறலாம்னு எனக்கு ஒருத்தரும் சொல்லலையே."

நான் சில்லறை எண்ணுகிற மாதிரி திரும்பிக்கொண்டேன்.

வண்டி தாமதமானது உண்மைதான். டைம் கீப்பர் திட்டினார். எங்கள் நேரத்தை நாங்கள் தாண்டினால், பின்னால் வருகிற வண்டிக்காரனின் கூட்டத்தையும் சேர்த்து ஏற்றிவிடுவோம். அதனால் அவன் சட்டையை மடித்துக்கொண்டு சண்டைக்கு வந்தான். மாயாண்டி அண்ணன் கீழே இறங்கி, அவன் தோளில் கையைப் போட்டு, "கோவமா இருக்கியா தம்பி? செத்த உக்காரு" என்றார். மாயாண்டி அடிப்பார் என்று தயாராக வந்தவன், இதற்குத் தயாராக வரவில்லை. பயந்துபோய் வண்டியில் ஏறிவிட்டான்.

ஆனால் கூட்டம் குறையவில்லை. முட்டை வியாபாரி தன் தட்டுகளோடு எங்கள் வண்டிக்காகவே காத்து நின்றார். இடுப்புவலிக்காரர்கள், மடியில் பிள்ளையைப் போட்டுத் தூங்கவைப்பவர்கள், பானைக்காரர்கள் எல்லோரும் வந்தார்கள். பாட்டை மட்டும் வாய்க்கு வந்தபடி திட்டினார்கள். தினமும் திட்டித் திட்டி, அவர்களுக்கே தெரியாமல் மனப்பாடம் ஆகிவிட்டது.

தாமதத்தைப் பற்றி முதலாளிக்கு யாரோ சொல்லியிருக்கிறார்கள். ஒரு நாள் ஆரப்பாளையத்தில் வெள்ளை வேட்டி சட்டையோடு வந்து, டிரைவருக்குப் பின் சீட்டில் உட்கார்ந்தார். அண்ணன் கண்ணாடியில் அவரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். நான் மழைக் கேசட்டைப் போட்டேன். அடுத்த வேலையைக் கேசட்டில் பாடுகிற அந்தப் பிள்ளைதான் பார்க்க வேண்டும்.

காளவாசல் வரை பார்த்தது. அதைத் தாண்டியதும் தவசி பக்கவாட்டில் வந்து எங்கள் சைடு மிர்ரரைத் தட்டிவிட்டு, "மாமா, மாட்டு வண்டிக்கு வழி விடட்டா?" என்று கத்தினான். அதே நேரத்தில் டெக் ஒரு முறை இழுத்து, முனகி, நாடாவைத் தின்றுவிட்டது. பாயின் பிரதி வீட்டில் இருந்தது.

வண்டிக்குள் திடீரென்று அமைதி. மாயாண்டி அண்ணனின் தோள் இரண்டும் மெதுவாகக் காதை நோக்கி ஏறுவதைப் பார்த்தேன். அது ஏறி முடிந்தால் என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியும். பின்னால் முதலாளி. முன்னால் தவசி. இரண்டுக்கும் நடுவில் அண்ணனுடைய வேலை, அவருடைய பெண் பிள்ளைகளின் படிப்பு. அவர் கை கியருக்குப் போனது.

எனக்குப் பாட வராது. கோயில் பஜனையில் என்னைத் தாளம் போடக்கூட விட்டதில்லை. ஆனாலும் கூரைத் தகரத்தில் உள்ளங்கையால் அடித்தேன், அந்த மேளத்தின் வேகத்தில். வாயால் 'ஸ்ஸ்ஸ்' என்று இரைச்சல் கொடுத்தேன். பிறகு அந்தப் பெண் பாடுவதை, ஒரு வார்த்தையும் புரியாத அந்த ஊர்ப் பாஷையில், எனக்குத் தெரிந்த மாதிரி உளறினேன். சனங்கள் என்னையே பார்த்தார்கள். முட்டை வியாபாரி தலையில் அடித்துக்கொண்டார். அடித்துக்கொண்டவர், அதே கையால் சீட்டுக் கம்பியிலும் தட்ட ஆரம்பித்தார். பின்னாலிருந்த பல்கலைக்கழகப் பிள்ளைகள் கைதட்டிச் சேர்ந்துகொண்டார்கள். அப்போது முத்தம்மா அக்கா, "தள்ளு, கெடுக்காத" என்று எனக்கு ஒரு அதட்டல் போட்டுவிட்டு, கூடையில் கையை வைத்துக்கொண்டு, அந்த மெட்டில் தன் சொந்த வார்த்தையைப் போட்டுப் பாடியது.

"மல்லி வெல போச்சே, என் மவராசா... வாங்க ஆளில்லையே, என் மவராசா..."

முதல் நாளே இது எழவுப் பாட்டு என்று சொன்ன மனுசி. ஒப்பாரியில் அதை மிஞ்ச ஆள் உண்டா? மெட்டு அப்படியே பொருந்தியது. அந்த வெள்ளைக்காரப் பிள்ளை கேட்டிருந்தால் கூடையை இறக்கி வைத்து உதவியிருக்கும்.

கியரில் இருந்த கை அப்படியே நின்றது. பிறகு தோள் குலுங்கியது. மாயாண்டி அண்ணன் சிரித்துக்கொண்டிருந்தார். தவசி புழுதியைக் கிளப்பிக்கொண்டு போயே போய்விட்டான். பல்கலைக்கழகம், செக்கானூரணி, கருமாத்தூர் என்று ஒவ்வொரு நிறுத்தமாக, இறங்குகிறவர்கள் பாட்டை ஏறுகிறவர்களிடம் ஒப்படைத்துவிட்டு இறங்கினார்கள். வியாபாரத்தை மறந்து உசிலம்பட்டி வரை வந்தது முத்தம்மா அக்கா மட்டும்தான். முதலாளி ஒரு தடவைகூட வாயைத் திறக்கவில்லை, திரும்பிப் பார்க்கவும் இல்லை.

உசிலம்பட்டியில் இறங்கி, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கேட்டார்: "மாயாண்டி, சாப்ட்டியாப்பா?"

இம்புட்டும் பாடி, கடைசியில் இதற்குத்தானா? அண்ணன் கடைக்குப் போனார். நானும் பின்னாலேயே போனேன். இலை விழுந்தது, பரோட்டா வந்தது, முதலாளி சால்னா வாளியைக் கையில் எடுத்தார். மாயாண்டி அண்ணன் இரண்டு கையையும் மேசைக்கு அடியில் வைத்துக்கொண்டார்.

"எனக்குப் பசிக்கல மொதலாளி."

"அட, ரெண்டாச்சும் தின்னுப்பா."

"தண்ணிகூட வேணாம் மொதலாளி."

அப்போதுதான் எனக்கு விளங்கியது. வெறும் வயிற்றோடு அனுப்ப மாட்டார் என்றால், வயிறு வெறுமையாக இருக்கும் வரை அனுப்ப முடியாது. எவனுக்கும் தோன்றாத யோசனை. முதலாளி வாளியைக் கீழே வைத்தார். பிறகு தன் இலையில் இருந்ததைச் சாப்பிட்டார், கை கழுவினார், "சரிப்பா. பசிக்கிறப்பச் சொல்லு" என்று சொல்லிவிட்டுக் காரில்லாமல் வந்த மனிதர் அடுத்த பஸ்ஸில் மதுரைக்குப் போய்விட்டார். அண்ணன் வண்டிக்குப் பின்னால் வந்து, "டேய், வாழப்பழம் ஏதாச்சும் வச்சிருக்கியா? காலையிலருந்து ஒண்ணும் திங்கல" என்றார்.

அதன் பிறகு முதலாளி கையால் ஒரு பருக்கை அவர் வாயில் போகவில்லை. ஆயுத பூஜைப் பொரியை என் பையில் கொட்டிவிடுவார். தீபாவளி இனிப்புப் பெட்டியும் என் வீட்டுக்குத்தான் வரும், என் பிள்ளைகள் அதில்தான் குண்டானார்கள். முதலாளி மகள் கல்யாணத்தில் மொய் எழுதிவிட்டுப் பந்திப் பக்கமே திரும்பாமல் ஓடிவந்தார். மழைக் கேசட் பாயின் பிரதியில் ஓடிக்கொண்டிருந்தது. நாடா தேயத் தேய மழையும் வலுத்தது. அண்ணனின் பெண் பிள்ளைகள் இரண்டு பேரும் படித்து முடித்தார்கள், ஒன்று டீச்சர், ஒன்று நர்ஸ். தவசிகூட ஒரு தடவை அந்தக் கேசட்டைக் கேட்டு ஆள் அனுப்பினான். கொடுக்கவில்லை.

பாட்டின் வார்த்தைகளைத் தமிழில் போட்டுக் காட்டட்டுமா என்று பிரபு கேட்டான். வேண்டாம் என்றேன். எனக்கு அதில் மல்லிப்பூ விலைதான் கேட்கிறது, அது போதும்.

மாயாண்டி அண்ணன் ஓய்வு பெற்ற நாளில் முதலாளி வந்தார். தளர்ந்திருந்தார், கையில் தடி. சால்வை போட்டுவிட்டு அதே குரலில் கேட்டார்: "சாப்ட்டியாப்பா?"

"இல்ல மொதலாளி. இப்பச் சாப்புடுறேன்" என்றார் அண்ணன்.

அதே கடைக்குப் போனோம். இந்தத் தடவை முதலாளியின் கை நடுங்கியதால் வாளியை நான் பிடித்துக்கொண்டேன். அண்ணன் பரோட்டாவைப் பிய்த்துப்போட்டு, ஊறவிட்டு, நிதானமாகச் சாப்பிட்டார். முதலாளி பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு சொன்னார்: "அன்னைக்கும் ஒன்ன நிப்பாட்டக் கூப்புடலப்பா. வண்டியில எல்லாரும் பாடுனதுல எனக்கு நல்லாப் பசி எடுத்துருச்சு. தனியாத் திங்க ஒரு மாதிரி இருந்துச்சு, அதான் கூப்புட்டேன்."

அண்ணனின் கை இலையில் நின்றுவிட்டது. தோள் ஏறத் தொடங்குவதைப் பார்த்தேன். பொரி, இனிப்பு, கல்யாணப் பந்தி என்று இத்தனை வருடத்துச் சாப்பாடும் அவர் கண்முன் போயிருக்க வேண்டும். பிறகு இடது கை விரல் மேசையில் மெதுவாகத் தட்ட ஆரம்பித்தது, அந்த மேளத்தின் வேகத்தில். தோள் இறங்கியது.

"சேகரு, இன்னும் ரெண்டு வைக்கச் சொல்லு" என்றார்.